கலுங்கு முதல் ஆகாய கங்கை வரை: காந்த ஃபில்டர் செட் எப்படி?

செட்டிநாட்டில் அருவி கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கேமராவும் கையுமாகத் திரிகிறவர்களுக்கு ஓடுகிற தண்ணீர் இரண்டே வழியில்தான் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்துக் கண்மாய் மறுகால் பாய்ந்தால், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கில் கிடைக்கும். இல்லையென்றால் கொல்லிமலைக்கோ, கும்பக்கரைக்கோ, சாரல் காலத்தில் குற்றாலத்துக்கோ வண்டியைக் கிளப்ப வேண்டும். கலுங்கோ அருவியோ, படம் எடுக்கும் இடம் வரை வண்டி போகாது. கலுங்குக்குச் சீமைக்கருவேல முள் அண்டிய கரைமேல் நடக்க வேண்டும். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். அந்த நடைக்குக் காந்த ஃபில்டர் செட் ஒத்துவருமா என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி. ஸ்டுடியோ மேசையில் எந்த ஃபில்டரும் நன்றாகத்தான் இருக்கும்.

செட்டில் வருவது இது. லென்ஸ் முகப்பில் திருகும் ஒரு காந்த வளையம். அதன்மேல் ஒட்டும் நான்கு கண்ணாடிகள்: பளபளப்பைக் குறைக்கும் சி.பி.எல்., வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி.8, என்.டி.64, என்.டி.1000 (எண் கூடக்கூட அடர்த்தி கூடும்), காந்த மூடி, தடுப்பு வைத்த ஒரு பை. இங்கே பேசுவது 82 மி.மீ. அளவைப் பற்றி. இதே அமைப்பைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. ஒரே பெயரில் வரும் இரண்டு பெட்டிகளுக்குள்கூடக் கண்ணாடியின் நிறம் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆகவே பெயரைப் பார்த்து முடிவு செய்வதைவிட, கைக்கு வந்த செட்டை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொள்வது மேல். அதையும் கீழே சொல்கிறோம்.

முதலில் முடிவு. அருவிக்கு இந்தச் செட்டில் உழைக்கப்போவது சி.பி.எல்.லும் என்.டி.8-ம். வெட்டவெளி வெயிலில் என்.டி.64 வேண்டும். விளம்பரப் படத்தில் முன்னால் நிற்கும் என்.டி.1000, அருவிக்குப் பெரும்பாலும் பையிலேயே கிடக்கும். கடற்கரைக்கும் மேக ஓட்டத்துக்கும் அது அருமையான கண்ணாடி, அதில் மறுபேச்சில்லை. ஆனால் தண்ணீர் விழுவதைப் படமாக்க விரும்புகிற ஒருவர் "லாங் எக்ஸ்போஷர்" (ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுப்பது) என்றதும் அதைத்தான் முதலில் வாங்குகிறார். வாங்கிவிட்டோமே என்று போட்டு எடுத்தால் அருவி முழுக்க நூலற்ற வெள்ளைப் பூச்சாகிவிடுகிறது. இலை எல்லாம் கலங்கிப்போகிறது. பிறகு கேமராமேல் பழி விழுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். என்.டி.8 என்பது மூன்று ஸ்டாப், 64 என்பது ஆறு, 1000 என்பது பத்து. மலை மறைவில், வெயில் ஏறுமுன், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8 வைத்தால் ஷட்டர் சுமார் 1/15 நொடி காட்டும். சி.பி.எல். போட்டதும் ஒன்றரை ஸ்டாப் குறைந்து 1/5 நொடிக்கு வந்துவிடும். பாய்ந்து விழும் தண்ணீருக்கு அதுவே பல நேரம் போதும். அதன்மேல் என்.டி.8 வைத்தால் ஒன்றரை நொடி. அதற்குப் பதில் என்.டி.64 என்றால் 12 நொடி. என்.டி.1000 என்றால் மூன்று நிமிடத்தைத் தாண்டும். அருவியில் நூல் நூலாகத் தெரிய வேண்டும் என்றால் கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை. பட்டுப்போல வழுவழுவென்று வேண்டுமானால் இரண்டு முதல் ஐந்து நொடி. அதற்கு மேல் போனால் தண்ணீரின் வடிவமே போய்விடும். உயரத்திலிருந்து வேகமாக விழும் தண்ணீரைக் கிட்ட நின்று எடுக்கும்போது கால் நொடிக்கும் குறைவாக வைத்தால்தான் விழும் கனம் படத்தில் நிற்கும்.

கண்மாய்க் கலுங்கின் கணக்கு வேறு. அங்கே மரநிழல் கிடையாது. உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 என்றால் 1/200 நொடி காட்டும். என்.டி.64 போட்டால் மூன்றில் ஒரு பங்கு நொடி. குத்துக்கற்களுக்கு நடுவே வழிந்து, மூன்று நான்கு அடி மட்டுமே இறங்கும் தண்ணீருக்கு அரை நொடி முதல் ஒரு நொடி வரை வேண்டியிருப்பதால், இத்துடன் சி.பி.எல். சேர்த்தால் கச்சிதமாக வந்து நிற்கும். சி.பி.எல். இல்லாமல் 64-ன் மேல் 8-ஐ அடுக்கினால் இரண்டரை நொடி. எஃப் 22 வரை அபெர்ச்சரை மூடி நேரம் சேர்க்கிற பழைய வழி வேண்டாம். எஃப் 16-ஐத் தாண்டினால் படத்தின் கூர்மை குறைவது கண்ணுக்கே தெரியும். முழு ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் எஃப் 11-லேயே நிறுத்திக்கொள்வது நல்லது. செம்மண் கலந்து வரும் மறுகால் தண்ணீர் மலை அருவியளவு வெளுப்பாக இருக்காது. அருவியில் பழகிய கையோடு எக்ஸ்போஷரைக் குறைத்தால் தண்ணீர் கருஞ்சேறாகத் தெரியும். இங்கே அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டியே எடுக்கலாம்.

இந்தச் செட்டின் உண்மையான பலம் மாட்டிக் கழற்றும் வேகம். அருவிச் சாரலில் நிற்கும்போது கண்ணாடிமேல் ஐந்து நொடிக்குள் துளி விழுந்துவிடும். திருகு ஃபில்டர் என்றால் ஈரக் கையால் இழை பிடிக்காமல் தடுமாறி, கோணலாக ஏறி, இறுகி நின்றுவிடும். காந்தம் என்றால் வைத்ததும் பிடிக்கிறது, எடுத்ததும் வருகிறது. துடைத்து, ஊதி, மறுபடி வைத்து ஒரு ஃபிரேம் எடுப்பதற்குள் சாரல் திசை மாறினாலும் பரவாயில்லை. மேல்பூச்சு நன்றாக இருந்தால் துளி பரவாமல் முத்தாக நிற்கும்; ஊதுகுமிழால் ஒரு ஊது ஊதினால் உருண்டு ஓடிவிடும். துணியால் தேய்த்தால்தான் போகும் என்றால் பூச்சு சுமார்தான்.

இதே காந்தம்தான் இதன் பலவீனமும். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆற்று மணலிலும் நம் பக்கத்துச் செம்மண்ணிலும் இரும்புத் துகள் உண்டு. வாரியில் மழைத்தண்ணீர் ஓடி வடிந்த இடத்தில் மணல்மேல் கறுப்பாகக் கோடு கோடாகப் படிந்திருக்குமே, அதில் பெரும்பகுதி காந்தத்தில் ஒட்டும் மணல். ஃபில்டரைக் கலுங்கின் கல்தளத்தில் ஒரு கணம் வைத்து எடுத்தால் போதும். வளையத்தின் விளிம்பில் மீசை முளைத்ததுபோல் கறுப்புத் துகள் நட்டுக்கொண்டு நிற்கும். துணியால் துடைத்தால் போகாது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகரும், அவ்வளவுதான். அப்படியே லென்ஸில் ஒட்டினால் இரண்டு வளையத்துக்கும் நடுவே துகள் மாட்டிக்கொள்ளும். வளையம் முழுதாகப் படியாது, பிடி தளரும், சுழற்றும்போது கரகரவென்று சத்தம் வரும். துகள் கண்ணாடிப் பக்கம் நழுவினால் கீறல் நிச்சயம். இதற்கு மருந்து செல்லோ டேப். ஒரு சாண் டேப்பைக் கிழித்து, பசைப் பக்கத்தை வளையத்தின் பள்ளத்தில் அழுத்தி அழுத்தி எடுத்தால் துகள் டேப்போடு வந்துவிடும். பையில் ஒரு சின்ன உருளை டேப் போட்டுக்கொள்ளாமல் இந்தச் செட்டோடு ஆற்றுப் பக்கம் போக வேண்டாம். கழற்றிய ஃபில்டர் பைக்குள் போக வேண்டும், அல்லது இன்னொரு ஃபில்டரின் மேல் ஒட்ட வேண்டும். பாறைமேலும் மணல்மேலும் சட்டைப் பையிலும் வைக்கவே கூடாது.

இன்னொரு குறை, தட்டினால் விழுவது. ட்ரைபாட் தோளில், கேமரா அதன்மேல், படியில் ஏறும்போது முன் ஃபில்டர் ஒரு கிளையில் உரசினால் போதும், கழன்றுவிடும். ஆகாய கங்கைப் படிகளில் விழுந்த கண்ணாடியைத் தேடி எடுப்பது நடக்கிற காரியமில்லை. நடக்கும்போது எல்லாக் கண்ணாடியையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, லென்ஸின் சொந்த மூடியை மாட்டுவதே சரி. செட்டோடு வரும் காந்த மூடி, நின்ற இடத்தில் தூசி படாமல் வைக்கத்தான் உதவும். நடைக்கு நம்பக்கூடாது. பெரும்பாலான செட்டுகளில் வளையத்தை மாட்டிய பிறகு லென்ஸ் ஹூட் போட முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சாரலைத் தடுக்க ஒரு குடை, குடை பிடிக்க ஓர் ஆள் என்று கூட்டிப்போவதுதான் வழி.

பிடிமானத்தை வீட்டிலேயே சோதித்துவிடலாம். நான்கு கண்ணாடியையும் ஒன்றின்மேல் ஒன்றாக லென்ஸில் அடுக்கி, மெத்தைக்கு ஒரு சாண் மேலே லென்ஸைக் குப்புறக் கவிழ்த்து, கேமராவை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். முதல் இணைப்பு நழுவவே கூடாது. மூன்றாவதோ நான்காவதோ அசைந்தால் பாதகமில்லை, ஏனென்றால் நான்கையும் அடுக்க வேண்டிய வேலை அருவியில் வராது. இரண்டு கண்ணாடியிலேயே ஆட்டம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நிறச் சோதனைக்கு நம்மூரைவிடத் தோதான இடம் கிடையாது. வளவு வீட்டில் முற்றத்தை ஒட்டிய சுண்ணாம்புச் சுவர் இருக்கிறதே, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது, நேர் வெயில் படாத நேரத்தில் அதுவே நல்ல வெள்ளை அட்டை. சுவர் பளபளப்பாக இருக்கும் என்பதால் எதிர்ச் சாளரம் பிரதிபலிக்காத கோணமாகப் பார்த்து நில்லுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்தில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஃபில்டர் இல்லாமல் 1/60 நொடியில் ஒரு படம். பிறகு என்.டி.8 போட்டு 1/8 நொடி, என்.டி.64 போட்டு 1 நொடி, என்.டி.1000 போட்டு 15 நொடி. நான்கு படத்தின் ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இடப்பக்கம் தள்ளி நின்றால் கண்ணாடி எழுதியிருப்பதைவிட அடர்த்தி. அது பெரிய குற்றமில்லை. எவ்வளவு கூடுதல் என்று ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். சுவரின் நிறத்தைப் பாருங்கள். மூன்று ஸ்டாப்பிலும் ஆறு ஸ்டாப்பிலும் மாற்றம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. பத்து ஸ்டாப் கண்ணாடி சற்று மஞ்சளுக்கோ சிவப்புக்கோ சாய்வது சகஜம். அகச்சிவப்பு ஒளி கசிவதும் ஒரு காரணம். படம் முழுக்க ஒரே சீராகச் சாய்ந்திருந்தால் ராவ் கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) திருத்திவிடலாம். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம் என்றால் திருத்த முடியாது. அப்படிப்பட்ட கண்ணாடியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அகலக்கோண லென்ஸில் ஓரம் கறுப்பது அடுத்த சோதனை. முழு ஃபிரேம் கேமராவில் 16 மி.மீ. வைத்தால், வளையமும் ஒரு கண்ணாடியும் தாங்கும். இரண்டு அடுக்கினால் பல லென்ஸ்களில் நான்கு மூலையும் கறுக்கும். 20 அல்லது 24 மி.மீ.க்கு வந்தால் தப்பிக்கலாம். சி.பி.எல்.லோடு என்.டி. சேர்க்கும்போது வரிசை முக்கியம். என்.டி. உள்ளே, சி.பி.எல். வெளியே என்றால் சுழற்றுவது சுலபம். ஆனால் சில செட்டுகளில் சி.பி.எல்.லின் முன்பக்கம் காந்தம் கிடையாது (அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது), சிலவற்றில் உண்டு, வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். சி.பி.எல்.லை முழு வீச்சுக்குத் திருப்புவதும் தவறு. ஈரப் பாறையின் கண்கூசும் பளபளப்பும் இலைமேல் அடிக்கிற வெள்ளையும் போகும் அளவுக்குத் திருப்பி, பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும். மொத்தப் பளபளப்பையும் கொன்றால் பாறை நனைந்திருக்கிறது என்பதே படத்தில் தெரியாது.

100 மி.மீ. சதுரக் கண்ணாடியும் தாங்கியும் வைத்திருப்பவர்கள் இதோடு ஒப்பிடக் கேட்பார்கள். வானமும் தரையும் சேர்ந்து வரும் படத்துக்கு, பாதி இருட்டிய கிராஜுவேட்டட் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பொருத்த சதுரம்தான் வசதி. அருவிப் படத்தில் வானம் வருவதே அபூர்வம். தாங்கி, வளையம், கண்ணாடிப் பெட்டி என்று அந்தச் சுமையோடு படி இறங்கத் தேவையில்லை. சாரலும் கண்ணாடிக்கும் தாங்கிக்கும் நடுவே புகுந்துகொள்ளும். சுழற்றிக் கூட்டிக் குறைக்கிற வேரியபிள் என்.டி. வீடியோவுக்கு நல்லது. அகலக்கோணத்தில் அதன் கடைசி வீச்சில் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல் நிழல் விழும், அருவிக்கு வேண்டாம்.

மறைவான ஆபத்து ஒன்று, டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு. என்.டி.1000 போட்டு நீண்ட நேரம் திறந்திருக்கும்போது, கண் வைத்துப் பார்க்கும் துளை வழியே வெளிச்சம் உள்ளே போய்ப் படத்தின் நடுவில் வெளிறிய பட்டையாக விழும். பழி ஃபில்டருக்குப் போகும். துளையை மூடிவிட்டால் தீர்ந்தது. மிரர்லெஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஃபோகஸைப் பொறுத்தவரை, என்.டி.64 வரை மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலும் தானாகவே பிடித்துவிடும். 1000 என்றால் ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, பிறகு கண்ணாடியை ஒட்ட வேண்டும். திருகும்போது ஃபோகஸ் வளையம் நகர்ந்துவிடும் அபாயம் காந்தத்தில் இல்லாதது இங்கே பெரிய நிம்மதி.

ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ட்ரைபாட் ஆடினால் எல்லாம் வீண். கால்களைத் தண்ணீருக்குள் ஊன்றினால் நீரோட்டம் இடித்து இடித்து நுண்ணதிர்வு வரும். அரை நொடிப் படத்தில் அது பளிச்சென்று தெரியும். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, அசையாத ஒரு பாறை விளிம்பைப் பாருங்கள். அது நடுங்கினால் இடத்தை மாற்றுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒரு கால் மேல்பக்கம். கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், காற்றில் ஊசலாடினால் கெடுதல்தான். மணலிலும் சேற்றிலும் திருகுப் பூட்டைவிட மடக்குப் பூட்டு சமாளிப்பதற்கு எளிது. ஷட்டரை ரிமோட்டால் அல்லது இரண்டு நொடி டைமரால் விடுங்கள்.

அருவியே காற்றை எழுப்பும் என்பதால் பக்கத்து இலைகள் ஓயாமல் ஆடும். அதை எந்த ஃபில்டரும் நிறுத்தாது. தண்ணீருக்கு ஒன்றரை நொடியில் ஒரு படம் எடுத்த கையோடு, கேமராவை அசைக்காமல் என்.டி.யை மட்டும் கழற்றி, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, 1/125 நொடியில் இலைக்கு இன்னொன்று எடுத்து, பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். திருகு ஃபில்டரில் இதைச் செய்தால் ஃபிரேம் கட்டாயம் நகரும். காந்தச் செட்டுக்குக் காசு கொடுப்பது நியாயம் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். எக்ஸ்போஷர் வைக்கும்போது தண்ணீரின் ஆக வெளுத்த இடத்தைப் பார்த்து வையுங்கள். அது விவரமற்ற வெள்ளையாக வெடித்துப்போனால் ராவ் கோப்பிலும் மீளாது.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீசுவரர் கோயில் பக்கம் இறங்கினால் ஆகாய கங்கை; சுமார் 300 அடி உயரம். அடிவாரத்தில் சாரல் பலமாக இருப்பதால் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டுப் பாறைக்கு ஒதுங்கினால்தான் கண்ணாடி காய்ந்து நிற்கும். நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கிறவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார், தண்ணீர் ஏறுவதைக் கவனிக்கமாட்டார். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஓர் உயிரைக் கொண்டுபோனது. தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, ஓடுகிற எக்ஸ்போஷரை அப்படியே விட்டுவிட்டு மேலேறுங்கள். வனத்துறை மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். கலுங்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பாசி பிடித்த கல்தளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். தளத்துக்குக் கீழே பள்ளம் எவ்வளவு ஆழம் என்று ஊர்க்காரரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

பராமரிப்பில் இரண்டு விஷயம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் இந்தப் பையை விடாதீர்கள். சி.பி.எல். என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டிய மெல்லிய படலம். தொடர்ந்து சூடு பட்டால் ஓரத்திலிருந்து பிரிய ஆரம்பிக்கும். குளிர்சாதனம் ஓடும் வண்டியிலிருந்து நேராக ஈரக்காற்றில் எடுத்தால் கண்ணாடி பூத்துப்போகும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே குளிர்சாதனத்தை அணைத்து, வண்டியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும்.

அளவு தேர்ந்தெடுக்கும்போது உங்களிடம் இருக்கும் பெரிய லென்ஸின் விட்டத்துக்கே செட்டை வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு 67-லிருந்து 82, 77-லிருந்து 82 என்று ஏற்று வளையம் போட்டுக்கொள்ளுங்கள். பித்தளை வளையமாகப் பாருங்கள். அலுமினியம் சூட்டிலும் மண்ணிலும் இறுகிக்கொள்ளும். இறுகிவிட்டால் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அழுத்தாமல் உள்ளங்கையால் திருப்பினால் பெரும்பாலும் விடும். தனித்தனியாகக் கிடைத்தால் சி.பி.எல்., 8, 64 மூன்றை மட்டும் வாங்கி, 1000-க்கான காசை ட்ரைபாட்டில் போடலாம். நல்ல திருகு ஃபில்டர்கள் ஏற்கெனவே இருந்தால் புதுச் செட்டே தேவையில்லை. அவற்றின் பின்பக்கம் திருகிக்கொள்ளும் காந்த மாற்று வளையங்கள் தனியாகவே விற்கின்றன. லென்ஸுக்கு ஒன்று, ஃபில்டருக்கு ஒன்று வீதம் வாங்கினால் அதே வசதி வந்துவிடும். வளையம் சேரும்போது தடிமன் கூடும், 24 மி.மீ.க்குக் கீழே அகலமாக எடுப்பவர்கள் மட்டும் மூலை கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும்.